நோயுற்ற நாயின் பசியும் நமது பொறுப்பும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.

 

நோய்வாய்ப்பட்டுத் தேறிவரும் ஒரு நாய்க்கு உணவளிப்பது பற்றி இன்று பேச விரும்புகின்றேன். தொழுகை, நோன்பு, பெற்றாரைப் பேணல், கொடுக்கல் வாங்கல் என்று எத்தனையோ விடயங்கள் இருக்க, இதற்கென்று ஓர் உரையா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் வீட்டுக்குள் வாப்பாவுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம் ஏற்படுவது பெரிய விடயங்களில் மாத்திரமல்ல. வளவின் மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு நாய்க்குப் பிள்ளை சோறு வைக்கின்றது. உம்மா பதறுகின்றார். வாப்பா கோபிக்கின்றார். "நாயைத் தொட்டால் நஜீஸ், வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்கள்" என்கின்றார்கள் பெரியவர்கள். "இரக்கம் காட்டச் சொன்ன மார்க்கம் இதுதானா?" என்று பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொள்கின்றது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், அது நாயோடு நின்றுவிடும் கேள்வி அல்ல.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்கு இது அன்றாடக் காட்சி. மீன் விற்குமிடங்களில், தோணிகள் கரையேறும் இடங்களில், பஸ் தரிப்பிடங்களில், கடைத்தெருக்களில் நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றிற் பலவற்றுக்கு எஜமான் என்று ஒருவர் இல்லை. நாலு வீட்டார் எறிவதை உண்டு வாழ்பவை அவை. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கங்களில் மாட்டுப்பட்டிக்கும் வயலுக்கும் காவலாக நாய் வளர்ப்போரும் உள்ளனர். உண்ணிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து விழுந்தால் இந்த நாய்களைப் பார்ப்பார் இல்லை.

மார்க்கம் இதில் என்ன கூறுகின்றது என்பதை முதலிற் பார்ப்போம். நாயின் உமிழ்நீர் பற்றிய சட்டம், பாத்திரத்தை எங்கே வைப்பது, பின்னர் எப்படிச் சுத்தம் செய்வது என்பதைப் பற்றியது. அந்தப் பாத்திரத்தை வெறுமையாக விட வேண்டும் என்று அச்சட்டம் எங்கும் கூறவில்லை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொண்டதால்தான் பெரியவர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் நிற்கின்றனர்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவான சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கின்றோம். வழிப்போக்கர் ஒருவர் கடும் தாகத்தால் கிணற்றில் இறங்கி நீர் அருந்தி மேலே வருகின்றார். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிக்கொண்டிருக்கும் நாயொன்றைக் காண்கின்றார். தாம் பட்ட தாகம்தானே இதற்கும் என்று உணர்கின்றார். மீண்டும் கிணற்றில் இறங்கித் தமது காலுறையை நீரால் நிரப்பி, அதை வாயாற் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டுகின்றார். அச்செயலுக்காக அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. மிருகங்கள் விடயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் வினவியபோது, உயிருள்ள எந்த ஜீவனுக்குச் செய்யும் உபகாரத்துக்கும் கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

இச்சம்பவத்தை நாம் மேடைகளில் கூறிவிட்டு விரைவாகக் கடந்து விடுகின்றோம். அந்த மனிதர் செய்ததைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். ஏறி வந்த கிணற்றில் மறுபடியும் இறங்கினார். களைத்த உடம்பு, இரண்டு கைகளும் ஏறுவதற்குத் தேவை, ஆகவே காலுறையைப் பற்களால் கவ்வினார். ஐயோ பாவம் என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகவில்லை. நாய்க்குத் தேவையானதை நாய் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதையொத்த இன்னொரு செய்தியில், சமூகம் இழிவாகப் பார்த்த பெண்ணொருத்தி தன் பாதணியை முக்காட்டுத் துணியிற் கட்டி நீர் இறைத்து நாய்க்குக் கொடுத்ததும் மன்னிப்புப் பெற்றதும் கூறப்படுகின்றது. அதற்கு மாறாக, பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் அதே கிரந்தங்களில் உள்ளது.

அல்குர்ஆனில் ஸூரதுல் கஹ்ஃபில் குகைவாசிகளுடன் இருந்த நாய் எங்கே கிடந்தது? முன்னங்கால்களை நீட்டியவாறு வாசற்படியில் கிடந்தது. அது உள்ளே கொண்டுசெல்லப்படவுமில்லை, துரத்தியடிக்கப்படவுமில்லை. அந்த நல்லடியார்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அல்லாஹ் அதையும் சேர்த்தே குறிப்பிடுகின்றான். நமது வளவில் கிடக்கும் நாய்க்கும் வாசலுக்கு வெளியே ஓர் இடம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். நமது நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாய் கடுமையான நஜீஸ் வகையைச் சார்ந்தது. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும்; அவற்றில் ஒரு தடவை மண் கலந்த நீராலாகும். மண் என்றால் தூசியுள்ள மண். கடலலை கழுவிக் கழுவிப் பளபளக்கும் வெறும் மணலை அள்ளி வந்து தேய்ப்பது போதாது. கரையோரத்தில் வாழும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். சவர்க்காரம் மண்ணுக்கு ஈடாகாது என்பதே மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் மாத்திரமே நஜீஸ். மாலிகி மத்ஹபில் நாய் தூய்மையானது, கழுவுதல் வணக்கம் என்ற வகையில் ஏவப்பட்டது. இக்கருத்து வேறுபாட்டை நான் குறிப்பிடுவது நமது வழக்கத்தைக் கைவிடுங்கள் என்பதற்காக அல்ல. நாயைத் தொட்ட பிள்ளையைப் பெரும்பாவம் செய்தவனாகப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே.

இன்னுமொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. உலர்ந்த நாயின் உடம்பு உலர்ந்த ஆடையில் உராய்ந்தால் எதையும் கழுவ வேண்டியதில்லை. ஈரம் இருந்தால்தான் நஜீஸ் தொற்றும். நாய்க்கென்றே ஒதுக்கிவிட்ட சட்டியை நீங்கள் உங்கள் தேவைக்கு எடுக்காதவரை ஒவ்வொரு நாளும் ஏழு தடவை கழுவிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுமில்லை. சுகாதாரத்துக்காகச் சாதாரணமாக அலசி வைத்தால் போதும். பழைய மண்சட்டியொன்று, அல்லது தேங்காய்ச் சிரட்டை, அல்லது வாழையிலைத் துண்டு. நமது வளவுகளில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. சிரட்டையில் வைத்தால் கழுவுதல் பற்றிய கேள்வியே எழாது, உண்டு முடிந்ததும் எரித்து விடலாம். நீண்ட காம்புள்ள அகப்பையால் உணவை இடுங்கள், கை எச்சிலிற் படாது. தொழுகைக்கு உடுக்கும் சாரனோடு போகாமல் வேறு உடுப்போடு போங்கள். இவ்வளவுதான். இதற்குப் பயந்தா ஓர் உயிரைப் பட்டினி போடுகின்றோம்?

வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாளாந்தம் குறையும் என்று ஹதீஸில் வந்துள்ளது உண்மையே. நாய் இருக்கும் வீட்டினுள் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் உண்மையே. நான் அவற்றை மறைக்கவோ மழுப்பவோ வரவில்லை. ஆனால் அவை வீட்டுக்குள் வளர்ப்பது பற்றியவை. வேலிக்கு வெளியே, வளவின் கோடியில் நோயுற்றுக் கிடக்கும் ஜீவனுக்கு நீர் வைப்பதை அவை தடுக்கவில்லை. ஒரு காலத்தில் மதீனாவில் நாய்களைக் கொல்லுமாறு ஏவப்பட்டதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஏவல் பின்னர் தடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் அதனுடனேயே வருகின்றது. பாதியைப் படித்துவிட்டுக் கல்லெடுக்கக் கூடாது.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரும் ஹிஜ்ரி 660 இல், அதாவது கி.பி. 1262 இல் காலமானவருமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைத் தமது கவாஇதுல் அஹ்காம் என்ற நூலில் வரிசைப்படுத்தியிருக்கின்றார்கள். பிராணி கிழடு தட்டியோ நோயுற்றோ எப்பயனும் தராத நிலையை அடைந்தாலும் அதற்கான உணவுச் செலவை எஜமான் செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பட்டிக்குக் காவல் நின்ற நாய் நோயிற் படுத்தவுடன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் எங்கோ காட்டோரம் விட்டுவருவோர் இதைக் கேட்க வேண்டும். உங்களுக்குச் சொந்தமான நாய்க்கு உணவளிப்பது உங்கள் மீது கடமை. சொந்தமில்லாத நாய்க்கு அளிப்பது ஸதகா.

ஷாஃபிஈ சட்டநூல்களில் தயம்மும் பற்றிய பாடத்தில் வரும் ஒரு சட்டம் இதைவிடவும் சிந்திக்கத்தக்கது. ஒருவரிடம் வுழூ செய்ய மாத்திரமே போதிய நீர் இருக்கின்றது. அருகில் உயிர் பேணப்பட வேண்டிய பிராணியொன்று தாகத்தால் தவிக்கின்றது. அவர் நீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். கடித்துக் குதறும் வெறிநாய் இதில் விலக்கு. தீங்கு செய்யாத நாய் இதில் அடங்கும் என்பதே பிற்கால அறிஞர் பலரின் முடிவு. நாயை நஜீஸ் என்று மிகக் கண்டிப்பாகக் கூறும் அதே மத்ஹப், அந்த நாயின் தாகத்துக்காக வுழூவின் நீரையே விட்டுக்கொடுக்கச் சொல்கின்றது.

மார்க்கத்தின் பக்கம் இதுதான் என்றால், உணவளிக்கும் முறைக்கு வருவோம். இரக்கம் இருந்தும் முறை தெரியாததால் நாய் சாகக்கூடும் என்பதனால் இப்பகுதியைச் சற்று விரிவாகவே கூறுகின்றேன்.

பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக வயிறு நிறைய உணவு கொடுப்பது ஆபத்தானது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்–பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, எலும்பும் தோலுமாகக் கிடந்த கைதிகளுக்குப் படையினர் தம்மிடமிருந்த கொழுப்பு மிகுந்த உணவை மனமிரங்கிக் கொடுத்தனர். அந்த உணவைத் தாங்க முடியாமல் பலர் இறந்துபோயினர். பட்டினியின்போது உடம்பிலுள்ள பொசுபரசு, பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைந்து போகின்றன. திடீரென்று உணவு புகுந்ததும் எஞ்சியிருப்பவையும் இரத்தத்திலிருந்து கலங்களுக்குள் இழுக்கப்பட்டு இருதயம் தடுமாறுகின்றது. மனிதருக்கும் நாய்க்கும் இது பொதுவானது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையையும், 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டு வெளியேறிக் கந்தளாயில் தஞ்சமடைந்த நாட்களையும் கண்ட நமது மாவட்டத்தாருக்குப் பசித்த வயிறு எப்படிப்பட்டது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் நீர். சுத்தமான நீரைச் சிரட்டையில் சிறிது சிறிதாக வைத்து, அது வாந்தியெடுக்காமல் தங்குகின்றதா என்று பாருங்கள். சில மணி நேரம் தங்கினால் உணவு தொடங்கலாம். நலமாக இருக்கும்போது அந்த நாய் ஒரு நாளைக்கு உண்ணும் அளவில் மூன்றில் ஒரு பங்கை முதல் நாளிலும், மூன்றில் இரு பங்கை அடுத்த நாளிலும் கொடுத்து, மூன்றாம் நான்காம் நாளில் முழு அளவுக்கு வாருங்கள். பல நாள் பட்டினி கிடந்து எலும்புகள் துருத்தி நிற்குமாயின் இதைவிடவும் மெதுவாக, வைத்தியரின் ஆலோசனையுடன் போக வேண்டும். ஒரு நாளின் பங்கை நான்கு, ஐந்து வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகள் பஜ்ருக்குப் பின் ஒரு வேளை, பாடசாலை விட்டு வந்ததும் ஒரு வேளை, அஸருக்குப் பின், மஃரிபுக்குப் பின், இஷாவுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் மறந்து போகாது.

என்ன உணவு? நன்றாகக் குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, உப்பும் தூளும் இல்லாமல் அவித்துத் தோலும் கொழுப்பும் எலும்பும் நீக்கிய கோழியிறைச்சி ஒரு பங்கு. கோழி கட்டுப்படியாகாவிட்டால் மீன். நமது ஊரில் சூரை, பாரை போன்ற மீன்களை அவித்து முள்ளை ஒன்று விடாமல் நீக்கிப் பிசைந்து போடலாம். சூடை போன்ற முள் மிகுந்த சிறு மீன்கள் இதற்கு உகந்தவையல்ல. உணவு இளஞ்சூட்டில் இருக்கட்டும். நோயில் வாசனை உணர்வு மங்கிய நாய்க்குச் சூட்டின் ஆவியோடு வரும் மணம்தான் பசியைத் தூண்டும். அது உண்ண மறுத்தால் வாயைப் பிளந்து கஞ்சியை ஊற்ற வேண்டாம். சுவாசப்பைக்குள் இறங்கி வேறொரு நோயை உண்டாக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உண்ணாததை எடுத்துவிட்டு, அடுத்த வேளை புதிதாக வையுங்கள். கோடை வெயிலில் நண்பகல் வரை கிடந்த சோறு புளித்து, குணமாகிவரும் வயிற்றை மீண்டும் கெடுக்கும்.

இனித் தவிர்க்க வேண்டியவை. நாம் அன்போடு வைக்கும் மிச்சச் சோற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு அந்நோய் ஏற்கெனவே அதே சிவப்பணுக்களை அழித்திருக்கும். அதன் ஈறுகள் வெளிறிப்போய்க் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த நாய்க்கு நாம் சம்பலும் ஆணமும் பிசைந்த சோற்றை வைத்தால் நோய் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்கி வைக்கின்றோம். வலீமா வீட்டுப் புரியாணி மிச்சமும் அப்படித்தான்: நெய், வெங்காயம், மசாலா, அத்துடன் எலும்பு. சமைத்த எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாடும் மாசியும் உப்பு மிகுந்தவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கிலிருந்து தேறும் நாய்க்குப் பால் வைப்பது போக்கை மீண்டும் வரவழைக்கும். சொக்கலேட், திராட்சை, பேரீச்சம்பழக் கொட்டை ஆகியவற்றையும் தவிருங்கள். நோன்பு காலத்தில் கொட்டைகளைக் கண்ட இடத்தில் போடும் வழக்கம் நமக்கு உண்டு, குடலில் அடைத்துக்கொள்ளும்.

கடற்றொழிலாளர் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வலையில் வரும் பேத்தை மீனைக் கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாதது. பசித்த நாய் அதை உண்டால் பிழைப்பது அரிது. புதைத்து விடுங்கள்.

மனிதருக்குரிய மருந்துகளைக் கையிலெடுக்காதீர்கள். தலையிடிக்கு நாம் விழுங்கும் பெரசிட்டமோல், மூட்டு வலிக்கு விழுங்கும் இபுபுரோபன் ஆகியவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடியவை. நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்முடையதைவிடக் கூடியது. 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருப்பது அதற்குச் சாதாரணம். தொட்டுப் பார்த்துச் சுடுகின்றது என்று மாத்திரை கொடுப்பவர்கள் இதை அறிய வேண்டும். இரத்தம் கலந்த வாந்தி, ஒரு நாள் முழுதும் நீர் அருந்தாமை, வெளுத்த ஈறு, எழுந்து நிற்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். குட்டிகளுக்கு வரும் பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கில் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலங்கடத்தினால் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருப்பதால், பிழைத்த குட்டியின் மலத்தை அகற்றிய இடத்தைக் குளோரின் கரைசலால் கழுவ வேண்டும். தடுப்பூசி போடாத வேறு குட்டிகளை அங்கே விடக்கூடாது.

இப்போது பெற்றாரின் அச்சத்துக்கு வருகின்றேன். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. எல்லா நாய்க்கும் எல்லாப் பிள்ளையும் உணவளிக்க முடியாது. விசர்நாய்க்கடி நோய் நமது நாட்டிலிருந்து இன்னும் ஒழியவில்லை. 1893 ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்ட நாடு இது. 1970களின் முற்பகுதியில் ஆண்டொன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வைத்தியம் இல்லை என்ற நிலை மாறவில்லை.

இதில் உணவளிப்போர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. விசர் பிடித்த நாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைக்கின்றோம். சில நாய்கள் அமைதியாக ஒதுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும், உமிழ்நீர் வடியும், விழுங்க முயன்று முடியாமல் தவிக்கும், குரல் மாறிவிடும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும். இரக்கமுள்ள பிள்ளை எலும்பை எடுக்க வாய்க்குள் கையை விடும். அன்பானவர்களே, விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும் நாயின் அருகே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். காயத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதும் ஓதி ஊதிவிட்டு வீட்டிலிருப்பதும் வேண்டாம். ஓதுவதை வைத்தியசாலைக்குப் போகும் வழியில் ஓதலாம்.

எலிக்காய்ச்சலை வயற்காரர்கள் அறிவார்கள். அது நாயின் சிறுநீராலும் பரவக்கூடியது. நோயிலிருந்து எழுந்த நாய் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறையும் பாதணியும் அணியுங்கள். காலில் புண்ணிருந்தால் அவ்வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

ஆகவே பெற்றார்களே, பிள்ளை சோற்றுச் சிரட்டையோடு நிற்கக் கண்டால் தட்டிவிடாதீர்கள். கூடப் போய்ப் பாருங்கள். நாய் விழுங்குகின்றதா, நடக்கின்றதா என்று வயதில் மூத்தவர்களே அவதானியுங்கள். சிரட்டையை வைத்துவிட்டு நாலைந்து எட்டுப் பின்வாங்கி நிற்கக் கற்றுக்கொடுங்கள். உண்ணும் நாயைத் தடவ விடாதீர்கள். கையில் எச்சில் பட்டுவிட்டால் ஏழு தடவை கழுவும் முறையை அந்த இடத்திலேயே செய்து காட்டுங்கள். மத்ரஸாவில் பாடமாக ஒப்புவித்த சட்டத்தை அன்றுதான் அப்பிள்ளை விளங்கிக்கொள்ளும். நானறிய, நஜீஸின் வகைகளை ஒரு மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த மண்ணை எங்கே எடுப்பது, எப்படிக் கலப்பது என்று தெரிவதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் செய்வது ஸதகா என்றால் அதை உம்மாவோடு சண்டையிட்டுச் செய்யாதீர்கள். சமையலறைச் சட்டியை எடுக்காதீர்கள். அயல்வீட்டார் வாசலில் வைக்காதீர்கள். உங்கள் நன்மைக்காக அவர்களுடைய தொழுகைப் பாய் நஜீஸாகக் கூடாது. பள்ளிவாசல் முன்றலில் நாய்கள் சேருமாறு உணவு போடவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே ஒதுக்குப்புறமான ஓரிடத்தைத் தேர்ந்து, எப்போதும் அதே இடத்தில், அதே நேரத்தில் வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் குர்பானின்போது ஒதுக்கப்படும் கழிவுகளை நாய்களுக்கு எறிவது வழக்கம். பச்சை ஈரலையும் சுவாசப்பையையும் எறியாதீர்கள். ஆடு மாடுகளின் அவ்வுறுப்புகளில் நீர்க்கட்டி போன்ற புழுக்கட்டிகள் இருக்கலாம். அவற்றை உண்ணும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி நமது பிள்ளைகளின் கைக்கும் கீரைப்பாத்திக்கும் வரும். மனிதனின் ஈரலில் அது கட்டியாக வளரப் பல வருடங்கள் எடுக்கும். சத்திரசிகிச்சை வரை கொண்டுபோகும். கொடுப்பதாயின் நன்றாக அவித்துக் கொடுங்கள், கட்டியுள்ளதைப் புதையுங்கள். தேறிவரும் நாய்க்கோ அவித்த ஈரலும் சிறு துண்டுக்கு மேல் வேண்டாம்.

நாய் முற்றாகத் தேறி, ஈறு சிவந்து, தானாக உண்ணத் தொடங்கியதும் செய்ய வேண்டியது விசர்நோய்த் தடுப்பூசி. நோயிற் படுத்திருக்கும்போது அதைப் போடுவதில்லை. எத்தனை நாள் கழித்து என்பதைக் கால்நடை வைத்தியர் கூறுவார். 2006 இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்லும் முறையைக் கைவிட்ட பின்னர், தடுப்பூசியும் கருத்தடையுமே இந்நோயைக் கட்டுப்படுத்தும் வழியாக உள்ளன. தடுப்பூசி போட வருவோரின் கையில் எஜமானற்ற நாய் எளிதில் அகப்படாது. தினமும் சிரட்டையில் சோறு வைத்தவர் கூப்பிட்டால் அது வந்து நிற்கும். உங்கள் பகுதியில் தடுப்பூசி போடும் நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறிந்து, அன்று காலை வழமையான இடத்தில், வழமையான சிரட்டையோடு நில்லுங்கள். உடன் வாப்பாவும் நிற்கட்டும்.